ஒட்டகத்துக்கு ஐந்து மதிப்பெண், இலைக்கோழிக்கு?



"தகவமைப்பு என்றால் என்ன? எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக." சின்ன வகுப்பிலிருந்தே இந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டு வருகிறோம். விடையும் எல்லாருக்கும் மனப்பாடம். பாலைவனத்தில் வாழ ஒட்டகம் தன்னைத் தகவமைத்துக் கொண்டது. பனியில் வாழ துருவக்கரடி தன்னைத் தகவமைத்துக் கொண்டது. நீரைச் சேமிக்கச் சப்பாத்திக்கள்ளி தன் இலைகளை முள்ளாக மாற்றிக் கொண்டது. இவ்வளவு எழுதினால் போதும், ஐந்து மதிப்பெண் வந்துவிடும்.

ஒட்டகத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. அது ராஜஸ்தானில் நன்றாக இருக்கட்டும். துருவக்கரடியும் வடதுருவத்தில் நன்றாக இருக்கட்டும். சப்பாத்திக்கள்ளி மட்டும் நம்ம ஊரில் உண்டு, ஆனால் அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மூன்றில் ஒன்றுகூட நாஞ்சில் நாட்டைச் சேர்ந்தது இல்லை. பார்க்காத பிராணியைப் பற்றி எழுதும்போது எதை எழுதினாலும் நமக்குச் சரியாகத்தான் தோன்றும். அதனால்தான் நம்மில் பாதிப்பேர் இன்னமும் ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று எழுதுகிறோம். அதில் இருப்பது கொழுப்பு.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் மதிப்பெண் இல்லை. இந்த விடையை எழுதி எழுதி, வாழ்க்கையிலும் அதையே நம்பிவிடுகிறோம் என்பதுதான்.

போன மாதம் ஒரு டீக்கடையில் பேச்சு வந்தது. ஒரு குளத்தின் ஓரத்தில் லாரி லாரியாக மண் கொட்டியிருந்தார்கள். அதைப் பற்றித்தான் பேச்சு. நண்பன் ஒருவன், "அங்க இருந்த பறவையெல்லாம் எங்க போகும்?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்த பாட்டா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அதெல்லாம் பழகிக்கிடும் மக்கா. எத்தன குளத்த தூத்தாச்சு, பறவ வராமலா போச்சு? இந்தக் குளம் இல்லேன்னா அந்தக் குளம். அதுக்குத்தான ஆண்டவன் றெக்க குடுத்திருக்கான்."

பாட்டா கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்ன "பழகிக்கிடும்" என்பதும், நாம் தேர்வில் எழுதும் "தகவமைத்துக் கொண்டது" என்பதும் ஒரே சங்கதிதான். கஷ்டம் வந்தால் உயிரினம் எப்படியாவது தன்னை மாற்றிக்கொள்ளும், அதனால் நாம் கவலைப்பட வேண்டாம். எனக்கு இந்த எண்ணம் தப்பு என்று படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் சுசீந்திரத்தில் கொஞ்சம் வெளியே பாருங்கள். சாலை குளத்தை இரண்டாக வெட்டிக்கொண்டுதான் போகிறது. தாமரை இலை மேல் கோழி மாதிரி ஒரு பறவை நடந்து போகும். அதுதான் இலைக்கோழி. தாமரை இலைக்கோழி, நீளவால் இலைக்கோழி என்று இரண்டு வகை உண்டு. அதன் உடம்பைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். அந்த உடம்புக்கு அந்த விரல் கொஞ்சமும் பொருந்தாது. விரல் அவ்வளவு நீளம், நகம் அதைவிட நீளம். யாரோ அளவு தெரியாமல் மாட்டிவிட்டது போல இருக்கும். ஆனால் அந்த நீள விரல்கள்தான் உடம்பின் பாரத்தை இலை முழுவதும் பரப்பிவிடுகின்றன. அதனால் இலை அமிழ்வதில்லை. சேற்றில் நாம் நடக்கும்போது பலகை போட்டு நடக்கிறோமே, அதே கணக்குதான். பறவை பலகையைக் காலிலேயே கட்டிக்கொண்டு திரிகிறது.

இன்னொரு வேடிக்கை. இலைக்கோழியில் பெண் பறவை முட்டையிட்டதோடு சரி. அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் அப்பாவின் வேலை. பெண் பறவை அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். கூடும் கரையில் கிடையாது. தண்ணீரில் மிதக்கும் செடிகளின் மேலேயே கட்டும். (இதைப் படித்துவிட்டு நம் வகுப்புப் பெண்கள் சிரிப்பது எனக்குத் தெரியும்.)

சரி, இப்போது குளத்தைத் தூர்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த நீள விரலால் என்ன பிரயோஜனம்? வெறுந்தரையில் அது இடைஞ்சல். விரல் பாதி, இலை பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் அது தகவமைப்பு. நம் புத்தகம் விரலை மட்டும் சொல்கிறது, இலையைச் சொல்வதில்லை. ஒரு பறவை ஓர் இடத்துக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த இடத்தை விட்டு அதனால் போக முடியாது. றெக்கை இருந்து என்ன செய்ய? பறந்து போய் இறங்குகிற இடத்திலும் தாமரை இருக்க வேண்டுமே. அங்கே ஏற்கெனவே வேறு இலைக்கோழிகள் இருக்குமே.

வயல்பக்கம் வாருங்கள். நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். வாயை மூடினாலும் அதன் அலகின் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நத்தையின் ஓட்டை உடைக்காமலேயே உள்ளே இருக்கும் சதையை வெட்டி வெளியே எடுத்துவிடும் அந்த அலகு. நாம் கத்தி வைத்து முயன்றாலும் அவ்வளவு நேர்த்தியாக வராது. இப்போது வயலில் மருந்தடித்து நத்தையெல்லாம் செத்துவிட்டது என்றால், அலகில் இருக்கும் அந்த இடைவெளி வெறும் ஓட்டைதான்.

மீன்கொத்தி இன்னும் மோசம். அது குளத்துக்கரையில், வாய்க்கால் கரையில், செங்குத்தான மண்ணைக் குடைந்து பொந்து போட்டு முட்டையிடும். நாம் என்ன செய்கிறோம்? கரையைப் பலப்படுத்துகிறோம் என்று சிமெண்ட் போட்டுப் பூசுகிறோம். குளத்தில் தண்ணீர் இருக்கிறது, மீன் இருக்கிறது, மீன்கொத்தியும் கம்பியில் வந்து உட்காருகிறது. ஃபோட்டோ எடுத்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். முட்டையிடத்தான் இடம் இல்லை. மண்வெட்டி போல இருக்கும் அந்த அலகு சிமெண்டைக் குடையப் பழகிக்கொள்ளும் என்று யாராவது சொல்வார்களா?

இந்த இடத்தில் எதிர்க்கட்சி ஒன்று எழும்பும் என்று தெரியும். எங்கள் வகுப்பிலேயே எழும்பியது. "எலே, எல்லாமா அப்படி? விரால் மீனைப் பாரு. குளம் வற்றினாலும் சேற்றுக்குள்ள கிடந்து பிழைக்குதே!"

நல்ல கேள்வி. விரால் மட்டும் இல்லை, பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பே அதற்கு உண்டு. குளம் வற்றும்போது செவுள் மூடியில் உள்ள முள்ளைத் தரையில் ஊன்றி ஊன்றி அடுத்த தண்ணீருக்கு நகர்ந்து போகும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில், 1791-ல், டால்டார்ஃப் என்ற அதிகாரி ஒரு பனைமரத்துப் பட்டையின் பிளவிலிருந்து இந்த மீனைப் பிடித்ததாக எழுதி வைத்தார். அதிலிருந்து உலகம் முழுவதும் இது மரமேறும் மீன் என்று பெயர் எடுத்துவிட்டது. பனையேறுகிறதா என்பது வேறு விஷயம், தரையில் ஊர்வது நிஜம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த மீன்கள் பழகியிருப்பது எதற்கு? கோடையில் வற்றி, மழையில் நிறையும் குளத்துக்கு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைகிறது. இடையில் குளம் வற்றும், பிறகு நிறையும். இந்த வற்றல் போகும், தண்ணீர் வரும். விரால் சேற்றுக்குள் காத்திருப்பது அதற்காகத்தான். தண்ணீர் வரவே போவதில்லை என்றால் அதன் பொறுமைக்கு என்ன அர்த்தம்? இன்னும் ஒன்று. விராலையும் பனையேறிக் கெண்டையையும் மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் அவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும்! குளம் முழுவதும் ஒரு அங்குல இடைவெளிகூட இல்லாமல் ஆகாயத்தாமரை மூடினால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எதிர்க்கேள்வி காகம். "காகம் பழகிக்கிட்டே? மைனா பழகிக்கிட்டே?" ஆமாம், பழகிவிட்டன. காகம் எதையும் தின்னும், எங்கும் கூடு கட்டும், கம்பியை வைத்தும் கட்டும். எதற்கும் தனியாகப் பொருந்தாமல் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொருந்துவது அதன் வழி. நம் வீட்டு முற்றத்தில் நாம் பார்ப்பது காகத்தைத்தான். காகத்தை வைத்து இலைக்கோழிக்குத் தீர்ப்பு எழுதுவது, நன்றாக நீந்தும் பையனைப் பார்த்துவிட்டு வகுப்பு முழுவதையும் பழையாற்றில் தள்ளிவிடுவது மாதிரி.

அப்படியென்றால் உயிரினங்கள் மாறுவதே இல்லையா? மாறும். எப்படி மாறும் என்பதைத்தான் நம் விடைத்தாள் மறைக்கிறது.

"தகவமைத்துக் கொண்டது." இந்தக் "கொண்டது" என்ற சொல்லில்தான் வம்பு இருக்கிறது. சட்டை போட்டுக் கொண்டான், தலை சீவிக் கொண்டான் என்பது போல, ஏதோ ஒட்டகம் ஒரு நாள் காலையில் எழுந்து முடிவு செய்து தன்னை மாற்றிக் கொண்டது மாதிரி இருக்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்றில் மரம் சாய்ந்து வளர்ந்தால், அந்த மரத்தின் விதையைக் காற்றில்லாத இடத்தில் நட்டால் நேராகத்தான் முளைக்கும். சாய்ந்தது அந்த ஒரு மரத்தின் பாடு. அது பிள்ளைக்குப் போகாது. 1859-ல் சார்லஸ் டார்வின் எழுதியது வேறு. ஒரே இனத்தில் ஒன்றுக்கொன்று சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. நெருக்கடி வரும்போது பொருந்தியவை பிழைத்துக் குஞ்சு பொரிக்கும், பொருந்தாதவை சாகும். அப்படியே தலைமுறை தலைமுறையாகப் போனால் இனம் மாறும்.

இதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னே மேஜர் என்று ஒரு சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற கணவன் மனைவி அங்கே வருஷக்கணக்காகக் குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, வளையம் மாட்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்தன. மிஞ்சியது பெரிய, கெட்டி விதைகள்தான். அதில் ஒன்று நம்ம ஊர் நெருஞ்சியின் உறவுக்காரச் செடியின் முள்காய். அதை உடைக்கப் பெரிய அலகு வேண்டும். பெரிய அலகு உள்ளவை பிழைத்தன. அடுத்த தலைமுறையில் சராசரி அலகு கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஆகா, குருவி தகவமைத்துக் கொண்டது என்று நாம் எழுதிவிடுவோம். ஆனால் அந்த வருஷம் அந்தக் குருவிகளில் பெரும்பகுதி செத்துப்போயின. அந்த "கொஞ்சம் பெரிது" என்பதற்குக் கொடுத்த விலை அது. செத்த குருவிகள் எதுவும் பழகிக்கொள்ளவில்லை.

ஆகவே ஒருவர் "பழகிக்கிடும்" என்று சொன்னால், அதற்குச் சரியான அர்த்தம் "முக்கால்வாசி சாகும், மிச்சம் இருந்தால் அதன் பேரப்பிள்ளைகள் பிழைக்கலாம்" என்பதுதான். அதுவும் அந்தக் குருவிகளுக்குள் பெரிய அலகு என்ற வித்தியாசம் முன்னமே இருந்ததால் நடந்தது. கான்கிரீட்டில் நடக்க ஏற்ற காலோடு ஒரு இலைக்கோழி இப்போதே எங்காவது இருக்கிறதா? லாரி ஒரு வாரத்தில் மண் கொட்டி முடித்துவிடுகிறது. தலைமுறைக் கணக்கு அதற்குத் தெரியாது.

செடிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தாவரவியல் டீச்சர் கோபித்துக்கொள்வார்கள். தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே குழாய் குழாயாக ஓட்டை இருக்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது. மேலே இலை வாங்கும் காற்று இந்தக் குழாய் வழியாகக் கீழே கிழங்குக்குப் போகிறது. நெல்லுக்கும் இதே வித்தைதான். தண்ணீர் கட்டிய வயலில் வேர் அழுகாமல் இருப்பது உள்ளே இருக்கும் காற்றறைகளால். நாஞ்சில் நாட்டின் இரண்டு பெரிய செல்வங்கள், குளத்துத் தாமரையும் வயல் நெல்லும், ஒரே யுக்தியில் மூச்சு விடுகின்றன. எனக்கு இது ஒட்டகத்தைவிடப் பெரிய ஆச்சரியம். தோவாளைச் சந்தையில் தாமரை மொட்டு விற்கிறவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ!

தாமரை விதையின் ஓடு அவ்வளவு கெட்டி. சீனாவில் வறண்டுபோன ஓர் ஏரிப் படுகையில் கிடந்த, சுமார் 1300 ஆண்டுப் பழைய விதை முளைத்தது என்று 1995-ல் ஆய்வு வெளியானது. வற்றிய குளத்தில் அதனால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியும்.

ஆகாயத்தாமரையையும் விட்டுவிடக் கூடாது. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. காம்பு ஊதிப்போய், உள்ளே காற்று நிரம்பி, மிதவை போல இருக்கும். ஒரு செடியிலிருந்து பக்கச்செடி, அதிலிருந்து இன்னொரு செடி என்று கிடுகிடுவென்று பரவும். தகவமைப்பில் அதற்கு நூற்றுக்கு நூறு. ஆனால் அதன் சொந்த ஊரில் அதைத் தின்னும் பூச்சிகள் உண்டு, இங்கே அவை இயற்கையாக இல்லை. அதனால் குளத்தை மூடுகிறது. உண்மையைச் சொன்னால், இலைக்கோழி ஆகாயத்தாமரை மேலும் நடக்கும். அதைப் பார்த்து "பாத்தியா, பழகிட்டு" என்பார்கள். ஆனால் அடியில் தண்ணீருக்கு வெளிச்சமும் காற்றும் போவது குறைந்து மீன் செத்தால் நீர்க்காகம் எங்கே போய் முங்கும்? ஒரு பறவை நடப்பதை வைத்துக் குளம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, மனிதனே கெட்டவன் என்று எழுதுகிறான் இவன் என்று நினைக்காதீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏனென்றால் நம் குளங்கள் தானாக வந்தவை இல்லை, வெட்டியவை. 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே பசுங்குளம், பெருங்குளம் என்று இந்தப் பகுதிக் குளங்களின் பெயர் வருகிறது. நெல்லுக்காக மனிதன் வெட்டினான். தண்ணீர் நின்றது, தாமரை வந்தது, தாமரைக்குப் பொருந்திய காலோடு இருந்த பறவை வந்து இறங்கியது. காலை மனிதன் கொடுக்கவில்லை, இடத்தைக் கொடுத்தான். நாம் செய்யக்கூடியது அதுதான், அதை நம் முன்னோர்கள் செய்தும் காட்டிவிட்டார்கள். இன்று அந்தக் குளங்களுக்கு உலக மதிப்பே கிடைத்திருக்கிறது. 2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ஒன்று சுமார் 94 ஹெக்டேர், மற்றது 20 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. தேரூர் என்றால் இதுவரை நமக்குக் கவிமணி பிறந்த ஊர். இனி இன்னொரு பெருமையும் சொல்லலாம்.

ஆனால் பட்டியலில் இல்லாத குளங்கள்? நம் மாவட்டத்து நான்குவழிச் சாலை பல குளங்களையும் வயல்களையும் ஊடறுத்துத்தான் போகிறது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் பேருந்தில் நெரிசலில் தொங்கிக்கொண்டு வருகிறவன்தான். பாலமாகத் தூக்கிப் போடக்கூடிய இடத்தில் மண்ணைக் கொட்டாதீர்கள், கொட்டத்தான் வேண்டும் என்றால் "பறவை பழகிக்கிடும்" என்ற சமாதானத்தை மட்டும் சொல்லாதீர்கள் என்கிறேன். அதிகாரியோ ஒப்பந்தக்காரரோ அப்படிச் சொல்வது அவர்கள் பள்ளிக்கூடத்தில் எழுதிய ஐந்து மதிப்பெண் விடைதான். அவர்களும் நம் மாதிரி ஒட்டகம் படித்து வந்தவர்கள்.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, வகுப்புத் தேர்விலாவது "ஒட்டகம், துருவக்கரடி நீங்கலாக" என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். உயிரினத்தின் உறுப்பை எழுதுகிறவனுக்குப் பாதி மதிப்பெண், அந்த உறுப்பு எதோடு பொருந்துகிறது என்று எழுதுகிறவனுக்கு மீதி. இரண்டாவது, இந்தப் பாடத்தை மார்கழியிலோ தையிலோ நடத்துங்கள், வகுப்பறையில் இல்லாமல். அந்த மாதங்களில் வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளையும் சேர்த்துப் பார்க்கலாம்.

அறிவியல் மன்றத்தில் பைனாகுலர் ஒன்று இருக்கிறது, ஒரு பக்கக் கண்ணாடி மங்கல், ஆனாலும் தெரியும். சுசீந்திரம் குளத்துக்கு வர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளின் கீழே ஒட்டியிருக்கும் சீட்டில் பெயரும் வகுப்பும் எழுதுங்கள். இரண்டாம் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பள்ளி வாசலில் கூடலாம். வெள்ளைச் சட்டை வேண்டாம், பறவை மிரளும். தின்பண்டக் காகிதத்தைக் குளத்தில் போடுகிறவர்கள் வர வேண்டாம்.

— பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவன்